பலகை வளர்த்த பொருளாதாரம்

போன வாரம் வசந்தி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். தப்பு என்மேல்தான்.

கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் போகும் வழியில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பலகை நின்றதே... பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் நீரூற்று, கோட்டு போட்ட மனிதர்கள். ‘இங்கே தொழில் நகரம் வருகிறது! ஆயிரக்கணக்கில் வேலை!’ நான்கு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

ஒரு செங்கல்கூட வரவில்லை. ஆனால் ஆட்கள் வந்தார்கள். நிலத் தரகர்கள் வந்தார்கள். ஆளுங்கட்சிக்காரர் பலகைக்கு முன்னால் நின்று ‘இதோ வருகிறது’ என்றார். அடுத்த வாரமே எதிர்க்கட்சிக்காரர் அதே இடத்தில் நின்று ‘எங்கே வந்தது?’ என்றார். பேசினால் இரண்டு பேருக்கும் தொண்டை வறளும் அல்லவா?

வசந்தி ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தே தாரிக் டீ, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, மீ கோரேங் நூடுல்ஸ். தோட்டத்து வேலை போன கணவர் மீ பிரட்டினார். மகள் காலேஜுக்குப் போனாள். பிறகு பக்கத்தில் ஒருவர் இளநீர் போட்டார். இன்னொருவர் டயர் கடை திறந்தார். வராத தொழில் நகரத்தால் வந்த தொழில்கள் மூன்று!

இதெல்லாம் என் கண்ணில் பட்டதா? எங்கே! பலகை மட்டும்தான் பட்டது. இதே பத்திரிகைப் பக்கத்தில் கிண்டலடித்து எழுதினேன். நீங்களும் ரசித்து வாட்ஸ்அப்பில் பறக்கவிட்டீர்கள். ‘இதோ வருகிறது’ என்ற எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு, அதாவது ஒய்பிக்கு, மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பத்தே நாளில் லோரி வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான்கு வருடத்தில் அங்கே சுறுசுறுப்பாக நடந்த ஒரே வேலை!

ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் வசந்தியின் வேனுக்கு டீ குடிக்கப் போனேன். மேசைகள் எல்லாம் காலி.

“வாங்கண்ணே... சந்தோசமா? ஒங்க பேனாவுல இடி விழ!”

“அது பொய்ப் பலகைதானேம்மா?”

“பொய்யின்னு எனக்குத் தெரியாதா? இங்க வர்ற அத்தன பேருக்கும் தெரியும்லா. ஆனா ‘வந்தாலும் வரும்’னு சொல்லிக்கிட்டே ஒரு டீ குடிப்பாங்க. இப்ப யாரு நிக்கிறா? இந்த வேன நம்பித்தான் எம்புள்ள படிக்குது. பாதியில நிறுத்தச் சொல்றீங்களா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்பிக்கைதான் முதலீடு என்று நிபுணர்கள் டிவியில் சொன்னால் தலையாட்டுகிறோம். வசந்தி அதை வைத்து நான்கு வருடம் குடும்பமே நடத்தியிருக்கிறார்... நாம் கைதட்டி வாங்கிய உண்மை, அவர் அடுப்பை அணைத்துவிட்டது.

பரிகாரமாக அவரை ஒய்பியின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ஒய்பி எழுந்து நின்று வரவேற்றார். என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மன்னிச்சிருங்கம்மா, அந்தப் புரொஜெக்ட் வராது. இனிமே மக்கள்கிட்ட உண்மையத்தான் பேசப்போறோம்.”

“ஐயோ ஒய்பி, புரொஜெக்ட யாரு கேட்டா? போர்ட மட்டும் திரும்ப வைங்கலா!”

ஒய்பி யோசிக்கிறார். தேர்தல் வேறு நெருங்குகிறது — புதுப் பலகை முளைத்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், யாரும் சிரித்துவிடாதீர்கள்.