அர்த்தம் கேட்காமல் விட்ட வார்த்தை

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டு அவருக்கு ஆபரேஷன் நடந்தது. "ஸ்ப்ளீனெக்டமி பண்ணிட்டோம், பிழைச்சிட்டாரு" என்றார்கள் டாக்டர்கள். பிழைத்துவிட்டார் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஷிப்ட் முடிந்து உடம்பு நடுங்க வந்தார்.

"மழைல நனைஞ்சுகினு வந்தேன், அதான். ஒரு மாத்திர போட்டா சரியாப் பூடும்."

மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தேன். மதியம் எழுப்பியபோது என்னையே யாரென்று கேட்டார். கால் விரல்களில் கருநீலத் திட்டுகள் படர்ந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். "மண்ணீரல எடுத்துட்டாங்களாம்மா?"

"அதெல்லாம் எடுக்கல சார். இன்னாவோ ஸ்ப்ளீனெக்டமின்னுதான் பண்ணாங்க."

டாக்டர் தழும்பின் மேல் விரல் வைத்துக் காட்டினார். "அதுக்கு அர்த்தமே மண்ணீரல எடுக்குறதுதான்மா. ரத்தத்துல கிருமி பரவாம தடுக்குற உறுப்பு அது. அது இல்லாதவங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வரணும்."

உயிர் தப்பினார். ஆனால் இடது காலில் ரத்த ஓட்டம் நின்று கருத்துப்போன இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது தேவையான தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறோம். எந்த டாக்டரிடம் போனாலும் மண்ணீரல் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். புரியாத வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவர் "குளுருது" என்றால், போர்வையை எடுப்பதில்லை, செருப்பை மாட்டுகிறேன்.