வானின் பக்கப்பெட்டி

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆன பிறகுதான் வானை விற்பது என்று முடிவு செய்தேன். வான் என்று நாங்கள் சொன்னது ஒரு மோட்டர் ஹோமை. கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வண்டி. இருபத்தாறு வருடம் லண்டன் தெருக்களில் பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு, இனி எங்கள் இருவருக்காகவும் ஓட்டலாம் என்று அதை வாங்கினேன். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில், முன்னறை யன்னலை மறைத்துக்கொண்டு அது நிற்கும். முன்னறைக்கு வெளிச்சம் வரவில்லை என்று அவள் குறைப்பட்டுக்கொள்வாள். அவள் போன பிறகு நான் அந்தத் திரைச்சீலையை விலக்குவதையே விட்டுவிட்டேன்.

கென்ற் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யுமா என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டாள். ஒன்றைத் தவிர, என்றேன். வண்டியின் இடப்பக்கத்தில், வெளியிலிருந்து திறக்கும் சாமான் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் கதவு இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. பூட்டுக்குள் திறப்பைப் போட்டுத் திருப்பினால் திறப்பு சுழலும்; உள்ளே கொளுக்கி மட்டும் விடாது.

"பரவாயில்லை, என் கணவர் அதைப் பார்த்துக்கொள்வார்" என்றாள் அவள்.

சாதாரணமாகச் சொன்ன சொல்தான். ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதவைத் திருத்தித் தரும்படி என் மனைவி எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

அது இறுகியது வேல்ஸில், மழை கொட்டிய ஒரு காலையில். பதினொரு மணிக்குள், வான்களை நிறுத்தித் தங்கும் அந்த முகாமை விட்டுப் புறப்பட வேண்டும். அவள் இரண்டு மடக்குக் கதிரைகளையும் முதலில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள். மிச்சச் சாமான்களை நான் அள்ளிப் போட்டு, கதவைத் தோளால் இடித்துச் சாத்தினேன். அடுத்த இடத்தில் போய் நின்றபோது அது திறக்கவில்லை.

"நீர்தான் கதிரையளைக் கண்டபாட்டுக்கு அடைச்சனீர். அதுதான் இறுகிப்போச்சு" என்றேன்.

"நான் ஒழுங்காத்தானே வைச்சனான்" என்றாள். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

அதே பயணத்தில் என் மழைக்கோட்டும் காணாமல் போனது. அதற்கும் அவளைத்தான் ஏசினேன். காயப்போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று. அவள் அந்த முகாமுக்கு இரண்டு தரம் போன் எடுத்து, தன் உடைந்த இங்கிலிஷில், நீல நிறக் கோட்டு ஒன்று கிடந்ததா என்று விசாரித்தாள்.

பிறகு நாங்கள் போன இடங்களுக்கெல்லாம் கதிரை இல்லாமலே போனோம். புதிதாக இரண்டு வாங்குவோம் என்று அவள் சொன்னபோது, உள்ளே நல்ல கதிரை இரண்டு கிடக்க ஏன் புதிது என்றேன். சரி, அதை எடுத்துத் தாருங்கோ என்றாள். பார்ப்பம் என்றேன். நாளைக்கு என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு நாளைக்கு என்பது எவ்வளவு சுலபமான சொல்.

கடைசியாக நோர்ஃபோக் கடற்கரைக்குப் போனோம். அவளுக்கு அப்போது இடுப்பில் நாரி வலி இருந்தது. பாடசாலைக் குசினியில் பதினெட்டு வருடம் நின்று வேலை செய்தவள். நின்ற வலிதான் என்று இருவரும் நினைத்தோம். கடலைப் பார்த்துக்கொண்டு வானின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு அடி அகலமும் இல்லாத இரும்புப் படி அது. கொஞ்ச நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கதிரை இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வெளியில இருந்திருப்பன்."

"அடுத்தமுறை வரேக்க திருத்திக்கொண்டு வருவம்."

"ஓம்" என்றாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். வெளியே வெயில் இருந்தது, காற்றும் இல்லை. இங்கிலாந்தில் அப்படி ஒரு நாள் லேசில் கிடைக்காது.

அது நாரி வலி இல்லை என்று தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை. ஒன்பது வாரம் இருந்தாள்.

சனிக்கிழமை காலை மகள் ரெடிங்கிலிருந்து வந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் பென்ஷன், வங்கி, பத்திரங்கள் என்று மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். வான் கழுவ உதவி செய்கிறேன் என்றுதான் வந்தாள். நான் பக்கப்பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருப்பதைக் கண்டதும் தானும் குனிந்தாள்.

முதல் நாளே திறப்புத் துவாரத்துக்குள் எண்ணெய் ஸ்பிரே அடித்து வைத்திருந்தேன். கதவோரத்து ரப்பர் ஒட்டிப் பிடித்திருக்கலாம் என்று, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டுச் சுற்றிவர இழுத்தேன். பிறகு உள்ளங்கையால் கதவை உள்ளே அமத்திக்கொண்டு திறப்பைத் திருப்பினேன். கதவு அசையவில்லை.

"அப்பா, லொக் பழுதில்லை போல. உள்ளுக்க என்னவோ மாட்டியிருக்கு" என்றாள் மகள்.

வண்டிக்குள் போய், பெட்டிக்கு மேலே இருந்த இருக்கையின் மெத்தையைத் தூக்கினோம். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு ஒட்டுப்பலகை மூடியிருந்தது. ஆறு ஸ்குரூ ஆணிகள். அவை அங்கே இருப்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆறையும் கழற்றிப் பலகையை எடுத்துவிட்டு, மகள் டோர்ச் பிடிக்க, முழங்கை வரை கையை விட்டேன். கதிரையின் கால் பட்டது. அதற்கு மேலே ஈரநாற்றத்தோடு ஏதோ ஒரு துணி. துணியிலிருந்து போன கயிறு ஒன்று கொளுக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது.

"பிள்ளை, கத்தரிக்கோல் ஒண்டு எடுத்துவா."

கயிற்றை வெட்டினேன். மகள் வெளியே போய்த் திறப்பைத் திருப்பினாள். டக் என்ற சத்தத்தோடு கதவு திறந்து, பெட்டிக்குள் பகல் வெளிச்சம் வந்தது. தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்து பார்த்தேன். பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போன என் நீல மழைக்கோட்டு. கொளுக்கியில் சுற்றியது அதன் இடுப்புக் கயிறு. அன்று மழைக்குள் நானே அதைக் கழற்றி மேலே எறிந்துவிட்டுக் கதவை இடித்துச் சாத்தியிருக்கிறேன். அதற்குக் கீழே இரண்டு கதிரைகளும், ஒன்றோடொன்று சேர்த்து, ஆடாமல் இருக்கப் பழைய சேலைக் கரையால் கட்டி, பெட்டிச் சுவரோடு ஒட்டி நேராக நின்றன. ஒரு விரல் தடிப்புக்கூட வெளியே துருத்தவில்லை.

நான் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வேல்ஸ், கோட்டு, நோர்ஃபோக், அந்த இரும்புப் படி, எல்லாம். சொல்லி முடித்து, "எல்லாம் என்ர பிழை பிள்ளை" என்றேன். இல்லை அப்பா என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம் அப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொன்னாள். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருக்கவும் மாட்டேன். பிறகு அவள் கோட்டைக் குப்பைப்பையில் போட்டுக் கட்டினாள். நான் பலகையைத் திரும்பப் பூட்டினேன்.

தம்பதி மூன்று மணிக்கு வந்தார்கள். அந்த மனிதர் பக்கப்பெட்டியை இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று எனக்குக் கை தந்தார். நாங்கள் வெளியே எடுத்து வீட்டுச் சுவரோரம் வைத்திருந்த கதிரைகள் வண்டியோடு சேர்த்தியா என்று அவருடைய மனைவி கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மகள் இல்லை என்றாள். நாலரை மணிக்கு அவர்கள் வானை எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனையில் திரும்பும்போது அந்தப் பெண் கையசைத்தாள்.

உள்ளே வந்து மகள் தேத்தண்ணி போட்டாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேற என்னப்பா அம்மா கேட்டவ?"

"எதை?"

"நீங்க செய்யாம விட்டது."

சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்முதல் ஸ்கான் எடுக்கப் போகேக்க, கூட வாங்கோ எண்டு கேட்டவ. நான் ஒரே பஸ்ஸில போகலாம் எண்டு சொல்லி, எங்க ஏறி எங்க இறங்கிறது எண்டு எழுதிக் குடுத்து விட்டனான்."

"தனியவோ போனவ?"

"ஓம்."

மகள் மேசையில் தலையை வைத்து அழுதாள். செத்தவீட்டிலும் அழாதவள். நான் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கையை எடு என்று அவள் சொல்லவில்லை. அன்று அவள் ரெடிங்குக்குத் திரும்பிப் போகவும் இல்லை.