வெளியே போன குப்பை அஞ்சல்

நெடுந்தீவில் என் அக்கா கட்டிய புதுவீட்டில் குடிபுகும் நாள், குடிபூரல். ஒருநாள் லீவில் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் படகுக்கு வெளிக்கிட்டபோது அத்தான், "கடல் சரியில்லை. இண்டைக்குப் படகு ஓடாதாம்" என்றார்.

படகு கட்டும் மாவிலித்துறையில் விசாரித்துப் பார்ப்போம் என்று போனேன். அங்கே சிக்னல் கிடைத்ததும் முதலாளியின் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் சிறிய நிறுவனம், கடைக்காரருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் மின்னஞ்சல் சேவை கொடுக்கிறது. ஒரேயொரு யுனிக்ஸ் சேர்வர். அதைப் பார்க்கிற ஆளும் நான் ஒருவன்தான்.

"எங்கடை சேர்வரிலை இருந்து குப்பை மெயில் போகுதாம். வெளி சேர்வர்காரர் எல்லாரும் எங்கடை மெயிலைத் தடுத்துப் போட்டாங்கள். உடனை வாரும்."

"ஏலாது. படகில்லை."

"அப்ப அங்கை இருந்து செய்யும்."

காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, போனிலேயே சேர்வருக்குள் நுழைந்தேன். உப்புத்தூறல் பட்ட திரையில் விரல் வழுக்கியது. அனுப்பக் காத்திருந்த அஞ்சல்கள் முடிவில்லாமல் ஓடின. லொத்தர் பரிசு, மலிவு மருந்து, கடன். எல்லாம் எங்கள் கணக்காளர் அக்காவின் முகவரியிலிருந்து. யாரோ அவருடைய பாஸ்வேர்டைத் திருடியிருந்தார்கள். உள்ளே வருவதை வடிகட்ட எங்களிடம் ஏற்பாடு இருந்தது. வெளியே போவதையும் வடிகட்டவேண்டும் என்று நான் கேட்டபோது, பிறகு பார்ப்போம் என்றிருந்தார் முதலாளி.

அந்த முகவரியைப் பூட்டினேன். முதலாளி திரும்பப் போன் எடுத்தார்.

"காத்திருக்கிறதை முழுக்க அழிச்சுப் போடும்."

"உண்மையான மெயிலும் இதுக்குள்ளை கிடக்கு. பிரிக்கோணும்."

"ஆரின்ரை முகவரியாலை போனது?"

"பிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுறன்."

வைத்த கையோடு கணக்காளர் அக்கா எடுத்தார். "தம்பி, என்ரை பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு மெயில் வந்தது. நீர்தான் அனுப்பினீர் எண்டு நினைச்சுக் குடுத்திட்டன். என்ரை பேரைச் சொல்லிப்போடாதையும்."

முன்னால் கடல் எழும்பி அடித்தது. ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் அவர். போனை நிறுத்தவும் முடியாது. சேர்வருக்குள் போக வேறு வழியில்லை. அன்று பொழுதுபடும்வரை அதே இடத்தில் நின்று குப்பையைப் பிரித்து அழித்தேன். ஆட்கள் எழுதியவற்றை மட்டும் விட்டுவைத்தேன். தேடிவந்த அத்தான், "உம்மை இங்கை கட்டியே வைச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

மறுநாளும் படகு ஓடவில்லை. அதற்கடுத்த நாள் கந்தோருக்கு வேலைக்குப் போனபோது, கணக்காளர் அக்கா தானே போய் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். வேலை போகவில்லை. ஆனால் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, வெளியே போவதற்கும் வடிகட்டி போட்டேன். அதற்கு இப்போது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. வெளி சேர்வர்கள் எங்களைத் திரும்ப ஏற்கத்தான் நாட்கள் எடுத்தன.

"இனித் தீவுப்பக்கம் போறதெண்டால் என்னட்டைக் கேட்டுப் போட்டுப் போம்" என்றார் முதலாளி.

நான் தலையாட்டினேன். இப்போதெல்லாம் நெடுந்தீவுக்கு வரச்சொல்லி என் அக்கா கூப்பிட்டால், முதலில் கடலைப் பற்றி விசாரிக்கிறேன். பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லிப் போகாமல் நின்றுவிடுகிறேன்.