கப்பல்காரரின் பஸ்ஸில் அம்மாவும் நானும்

பலெர்மோவை நான் முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தபோது, அங்கே வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. அதுவரை எனக்குத் தெரிந்த பலெர்மோ மூன்றே இடங்கள்: ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீடு, பள்ளிக்கூடம், லிபெர்த்தா வீதியில் அம்மா சமையல் வேலை செய்த வீட்டின் குசினி. வேறெங்கும் போவதில்லை. அப்பாவிடம் மட்டும்தான் பெர்மெஸ்ஸோ இருந்தது. பின்னால் வந்து சேர்ந்த அம்மாவுக்கும் எனக்கும் அந்த வதிவிடப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. தெருமுனைகளில் இராணுவத்தினர் துப்பாக்கியோடு நின்ற வருடங்கள் அவை. அவர்கள் தேடியது மாஃபியா ஆட்களை. ஆனால் அம்மா யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கத்தில், சீருடையைக் கண்டால் என் கையை இறுக்கிக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார். பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள், அங்கே சண்டை நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

லண்டனில் இருந்த பெரியம்மா தன் குடும்பத்தோடு கப்பலில் உல்லாசப் பயணம் வந்தார். கப்பல் பலெர்மோவில் ஒரு பகல் நிற்கும். பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, வழிகாட்டி ஒருவர் ஊரைக் காட்டுவார். சகோதரிகள் இருவரும் சந்தித்து ஆறு வருடம். பேராலயத்தின் முன் பஸ் நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று ஒழுங்கு.

பெரியம்மா இறங்கி வரும்போது கையில் இரண்டு வட்ட ஸ்டிக்கர்கள் வைத்திருந்தார். கப்பல் ஆட்கள் என்பதற்கு அடையாளமாக எல்லோரும் நெஞ்சில் ஒட்டியிருந்தவை. பெரியப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, அவர் மகள், என் அக்கா, துணைக்குக் கப்பலில் நின்றுவிட்டார், இரண்டு இருக்கைகள் சும்மா கிடக்கின்றன, ஏறுங்கள் என்றார். அம்மா பின்வாங்கினார்.

"உவங்கள் உன்ரை சட்டையைப் பாக்கமாட்டாங்களடி, உன்ரை பயந்த முழியைத்தான் பாப்பாங்கள். தலையைக் கொஞ்சம் நிமித்திப் பிடி," என்று சொல்லியபடியே பெரியம்மா எங்கள் மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

வழிகாட்டி பலெர்மோப் பெண்மணி. மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பவர். தங்கையும் மகளும் காலையில் எழும்பப் பிந்தி, இப்போதுதான் வந்து சேர்ந்தார்கள் என்று பெரியம்மா ஆங்கிலத்தில் சொன்னார். அவர் எங்களைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், கணக்குச் சரிவந்ததில் திருப்தியடைந்தவர் போலத் திரும்பிவிட்டார். அம்மா எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்: இறங்கும்வரை இத்தாலியன் கதைக்கக் கூடாது.

இப்படியாக நான் குடியிருந்த ஊரை ஒருவர் ஆங்கிலத்தில் விளக்க, பெரியம்மா அதைத் தமிழாக்க, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இந்தப் பேராலயம் முன்பு பள்ளிவாசலாக இருந்ததாம் என்றார் பெரியம்மா. அது எனக்கு வகுப்பில் சொல்லித் தந்த பாடம். பஸ் ஒரு சந்தியில் நின்றபோது, கீழே நின்ற இராணுவத்தினன் ஒருவன் நேராக என் ஜன்னலைப் பார்த்தான். அம்மாவைப் போலவே நானும் குனிந்து முழங்காலைப் பார்க்கத் தொடங்கினேன்.

மத்தியானம் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோரக் கிராமத்தில் மீன் சாப்பாடு. அங்கே ஒரு கிழவர் கழுதை ஒன்றை விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டேயிருந்தார். வழிகாட்டி சாரதியிடம் சிசிலியப் பேச்சில், அடுத்தது உன்னைத்தான் எடுப்பார், தலையைச் சீவிக்கொள் என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தட்டுக்கு மேல் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் பேராலயத்தடியில் நாங்கள் இறங்குவதாக இருந்தது. வீதி நெரிசலில் பஸ் பிந்திவிட்டது. வழிகாட்டி ஒலிவாங்கியில் ஏதோ அறிவித்தார். பெரியம்மாவின் முகம் மாறியது. நேரே கப்பலுக்குத்தானாம், வேறெங்கும் நிற்காதாம்.

"வழியிலை இறக்கச் சொல்லுங்கோ, அக்கா."

"என்னெண்டு சொல்லுறது? கப்பல் ஆக்கள் எண்டெல்லோ சொல்லி ஏத்தினது. பேசாமல் இரு."

துறைமுக வாசலில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரர் ஏறினார். முன் வரிசைக்காரர்கள் கப்பல் அட்டைகளை எடுத்துக் காட்டத் தொடங்கினார்கள். அம்மா என்னைத் தூக்கிப் பெரியம்மாவின் மடியில் இருத்தினார்.

"இவதான் உன்ரை அம்மா. என்னை உனக்குத் தெரியாது. விளங்குதோ?"

பிறகு எழும்பிக் கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் இருந்துகொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வெளியே சரக்கு ஏற்றும் பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, அம்மா என்றேன். என் பார்வை தன் மேல் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கழுத்துக்கூட அசையவில்லை.

பொலிஸ்காரர் எங்களிடம் வந்து, எந்த ஊர் பிள்ளை என்று என் கன்னத்தைத் தட்டிக் கேட்டார். இத்தாலியனில்தான் கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. பெரியம்மாவின் விரல்கள் என் வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அப்போது வழிகாட்டி முன்னாலிருந்து சலிப்போடு சத்தம் போட்டார். எல்லோரும் தன் ஆட்கள்தான், காலையிலிருந்து எண்ணி எண்ணித் தலை வெடிக்கிறது, கப்பல் போய்விட்டால் இவர்களை உன் வீட்டிலா படுக்கப் போடுவாய் என்று கேட்டார். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே கப்பல் வெள்ளைச் சுவராக நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்தபடி வரிசையோடு நகர்ந்தார். எங்கே கொண்டுபோகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கோ சந்தேகமே இல்லை. என்னைக் கொடுத்துவிட்டார்கள். இருக்கைக் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தேன். பின்னால் அம்மா வருகிறாரா என்று பார்க்கவும் பயமாக இருந்தது.

வாசலில் வழிகாட்டி குடையை எங்களுக்குக் குறுக்கே நீட்டினார். பெரியம்மாவைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பெரியம்மா என்னைக் கொஞ்சினார், பின் வரிசையைப் பார்த்து அழுதார், இறங்கிப் போனார். வழிகாட்டி என்னிடம் குனிந்து இத்தாலியனில், "கழுதைப் பகிடிக்கு இங்கிலாந்துப் பிள்ளை சிரிக்காது," என்றார். "வீடு எந்தப் பக்கம்?"

நான் கட்டளையை மீறவில்லை. பின்னாலிருந்து அம்மாதான் ஸ்தாசியோனே, ரயில் நிலையம், என்றார்.

வெறும் பஸ் வெளியே போவதை யாரும் மறிக்கவில்லை. இருக்கைகளுக்குக் கீழே குனிந்திருந்த எங்களை ரயில் நிலையத்தடியில் இறக்கிவிட்டார்கள். தெருவைக் கடக்க அம்மா கையை நீட்டினார். நான் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வீடு வரும்வரை என் தோளுக்குப் பக்கத்தில், தொடாமல், அது கூடவே வந்தது.

பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அம்மா மனதுக்குள் என்னை லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, தான் மட்டும் கொழும்பில் விமானத்தால் இறங்கிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எட்டு வயதுக்கு எட்டவில்லை. கூப்பிட்டேன், அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.