கலர் விழாத பக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் மாடி மூலையில், ஒரு கணினியும் இரண்டு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடும் அறை அவளுடையது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். பிறர் எழுத்தை எடுத்துப் போட்டிருந்தால் கணினி அந்த வரிகளுக்குக் கலர் பூசிக் காட்டிக்கொடுக்கும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் சான்று கிடையாது. பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தவரையும், "மிஷினுக்கு ஆள் தெரியாதுங்க" என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பியவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சதவீத அக்கா'.

அந்த அக்காவுக்கே ஒருநாள் சோதனை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது அவள் கொழுந்தன். புகுந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திரையில் முப்பத்தெட்டு சதவீதம்.

"என்ன தம்பி, வானவில் மாதிரி இருக்கு?"

"எல்லாரும் பண்றதுதானே அண்ணி."

அவள் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை ஊதா. "'பொறுமையோடு துணைநின்ற என் அன்பு மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும்...' கல்யாணம் எப்ப ஆச்சு? வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே."

அவன் காது மடல் சிவந்தது. சீனியரின் ஏட்டிலிருந்து எடுத்து ஒட்டியவன், படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "கலர் விழுந்த இடத்தைக் கணக்குல சேர்க்காம விடறதுக்கு ஒரு பட்டன் இருக்காமே. அதை அமுக்கினா உன் விரல் தேஞ்சிடுமா?" என்றாள் மாமியார்.

"விரல் தேயாது அத்தை. பின்னாடி எவனாச்சும் கண்டுபிடிச்சா இவன் பட்டம் போயிடும். அப்ப எந்தப் பட்டனை அமுக்கறது?"

"கடைசித் தேதிக்கு மூணு வாரம் இருக்கும்மா, எழுதட்டும்" என்றான் அவள் புருஷன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் மூன்றாம் இயலைத் தனியாக அச்செடுத்து வந்திருந்தாள். கொழுந்தன் முன்னால் வைத்தாள். "சந்தையில மூட்டை தூக்கறவங்ககிட்ட நீயே போய்ப் பேசி எழுதினது. ஒரு பொட்டு கலர் இல்ல பாரு. இதை எழுதினவனுக்கு மத்தது வராதா?"

அவன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனான். கதவு சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணி இருக்கும் பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டாலும் சாப்பிட வரமாட்டான். அவள் மூடிவைத்த தட்டு மட்டும் காலியாகித் திரும்பும். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் அவள் தன் தட்டில் கைவைப்பாள்.

கடைசி நாள் காலை. அறைக்கு வெளியே நீண்ட வரிசை. வீட்டு ஆள் என்று அவன் நேரே நுழைந்திருக்கலாம். ஆனால் கடைசி ஆளாக நின்று, முறை வந்ததும் பென்டிரைவை நீட்டினான்.

கணினி சுற்றிச் சுற்றி யோசித்தது. அவன் நகத்தைக் கடித்தான். அவளும் கடித்திருப்பாள், வேலைநேரம் ஆயிற்றே.

ஆறு சதவீதம்.

சான்றில் கையெழுத்துப் போடும் முன், வழக்கம்போல் நன்றியுரையைப் பார்த்தாள். மனைவியும் குழந்தைகளும் காணாமல் போயிருந்தார்கள். அம்மா, அண்ணன், மூட்டை தூக்குபவர்கள், அதற்கும் கீழே ஒரு வரி: 'நான் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் சோறு மூடிவைத்த அண்ணிக்கு.'

அந்த வரியை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்றது கணினி.