நீல எழுத்தும் நவ்சாத் நானாவும்

வலது கையில் கரண்டி, இடது கையில் கைப்பேசி. நெத்திலி சம்பல் அடிபிடிக்கும் கட்டத்தில் இருக்கிறது. நவ்சாத் நானா கிண்டுவதை நிறுத்தாமல், இடது கட்டைவிரலால் மட்டும் திரையை நகர்த்திக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன போடவேண்டும் என்று தெரிந்துகொள்ள வலது கையும் தேவைப்பட்டால் அந்தச் சமையல் குறிப்பு தேறவில்லை என்று பொருள். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, இதழில் குறிப்பு எழுதும் பெண்ணுக்குக் குரல் கொடுப்பார். "லோஷினி, திருப்பி எழுதும்மா. புளி எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள சட்டி கருகிப்போச்சு." கருகியதை யாராவது சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். நான் போகும் நாளில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

மலேசியாவின் மாசாய் ஊரில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது 'பன்னீர்ச்செம்பு' அலுவலகம். சேலை, சமையல், கல்யாண அலங்காரம், வீட்டு ஜோடனை என்று ஜொகூர் மாநிலப் பெண்களுக்காக மாதாமாதம் அச்சில் வந்துகொண்டிருந்த இதழ். அதை நடத்துபவர் அறுபதைத் தாண்டிய ஒரு ஆண்பிள்ளை என்பதில் பலருக்கு இன்னும் சிரிப்புதான். அத்தா அபூபக்கரின் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் வளர்ந்தவர் நானா. கடைக்கு வந்த பெண்கள் பிரியாணியை ஆறவிட்டுவிட்டு எதிர் மேசைக்காரியின் சேலையைப் பற்றியே பேசியதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆசை வந்ததாம்.

போன வருடம் அவர் தாளை விட்டுவிட்டுக் கைப்பேசிக்கு மாற முடிவெடுத்தபோது, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் நான் ஒரு சோகக் கட்டுரைக்குத் தயாராகத்தான் போனேன். மை வாசனை, கடைசிப் பிரதி, கலங்கிய கண்கள் எல்லாம் கைவசம் இருந்தன. நானா என் பிழைப்பில் மண்ணைப் போட்டார். விற்காத இதழ்கள் அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து அங்கே அடுப்பு வைத்துக்கொண்டிருந்தார். சேலைக்கடைக்காரர்கள் விளம்பரத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தாள் விலையும் ஏறிக்கொண்டே போகிறது, அழுது என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். "பொம்பளைங்க கண்ணு எங்க இருக்கோ, அங்க கடைய போடணும் லா."

அந்தக் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவர் செய்த காரியம் இன்னும் வேடிக்கை. பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் ரபீக்கிடம் சொல்லிவைத்து, காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களோடு வாரக்கணக்கில் பயணம் செய்தார். அவர்கள் வலது கையால் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, இடது கட்டைவிரலால் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சோற்றுக்கையால் திரையைத் தொடுவதில்லை. நானா திரும்பி வந்து, இதழ் முழுவதையும் அந்த ஒரு விரலுக்காக அடுக்கச் சொன்னார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருப்பார்கள். இவர் பேருந்துச் சவாரி என்றுதான் சொன்னார்.

இந்த வருடத் தொடக்கத்தில் புது 'பன்னீர்ச்செம்பு' வெளிவந்தது. வாசகிகள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வாட்ஸ்அப்பில் இணைப்பு போனது. தொழிற்சாலைப் பெண்கள் திறந்து படித்தார்கள். தோட்டத்துப் பெண்கள், முதல் இதழிலிருந்து வாங்கியவர்கள், ஒருவர்கூடத் திறக்கவில்லை. நானாவின் முகம் தொங்கிப்போனது. தீபாவளிக்குள் அவர்கள் வராவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார். லோஷினி வாதாடிப் பார்த்தாள். "அவங்க இல்லன்னா இது வேற யாரோட புக்கோ" என்றார்.

எல்லாரையும்விட அவர் எதிர்பார்த்தது பண்டார் தெங்காரா பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பேச்சியம்மாளைத்தான். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு இதழும் கைக்குப் போனவுடன் அந்த அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறை சொல்லித் தீர்ப்பார். அலுவலகத் தொலைபேசியை நானா மட்டும்தான் எடுப்பார். பேச்சியம்மாள் திட்டிய பிறகுதான் அந்த மாத வேலை முடிந்ததாக அவருக்கு நிம்மதி வரும். இப்போது அந்தக் குரலையே காணோம்.

பொறுக்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சியம்மாள் வீடு பூட்டியிருந்தது. கோத்தா திங்கியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுச் சாந்தினியிடம் நானா பேச்சுக் கொடுத்த உடனேயே அந்தப் பெண் அவரைக் கண்டுகொண்டாள். "பன்னீர்ச்செம்பு பாய்தானே? மூஞ்சி தெரியாது, குரல் தெரியும்" என்றாள். புது இதழைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, அப்படி எதுவும் வரவே இல்லை என்றாள். "நீல எழுத்துல எவனோ ஸ்கேமர் அனுப்பிக்கிட்டே இருக்கான் பாய். அத அமுக்குனா பேங்கு காசு போயிரும்னு பிள்ளைங்க சொல்லி வச்சிருக்காங்க. நாங்க ஒடனே அழிச்சிருவோம்."

அந்த நீல எழுத்து இணைப்புதான் நானாவின் இதழ். தோட்டமே அதை மாதாமாதம் பொறுப்பாக அழித்துக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஆரம்பித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. இணைப்புக்கு முன்னால் தன் குரலை அனுப்பினார், ஒவ்வொரு வாசகிக்கும் தனித்தனியாக. ஒரே பேச்சைப் பதிவுசெய்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே என்று லோஷினி சொன்னதற்கு, "ஸ்கேமரும் அதானேம்மா பண்றான்" என்றார். ஒரு பிற்பகல் முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். யாருடைய மகள் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெயர் மாறிப்போனது, எந்தக் கோலம் யார் வீட்டு வாசலில் கோணலாக வந்தது, முறுக்கு உதிர்ந்துபோய் யார் சண்டைக்கு வந்தார் என்று, அந்தந்தப் பெண்ணுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு வரும் நீல எழுத்து என்னுடையதுதான், அமுக்குங்க என்பார். எல்லாம் ஞாபகத்திலிருந்து. தொண்டை கட்டி, குரல் தவளை போல ஆனது. இஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடுத்த பெண்ணுக்கான செய்தியைப் பேசத் தொடங்கினார். ஒரு மனிதர் தன்னைத் திட்டியவர்களின் திட்டை எல்லாம் இத்தனை பத்திரமாக வைத்திருப்பார் என்று நான் எங்கும் பார்த்ததில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். சாந்தினி வந்தாள், அவளுடைய நாத்தனார் வந்தாள். பேச்சியம்மாள் மட்டும் வரவில்லை. தீபாவளி நெருங்கியது.

போன வாரம் அந்தச் சமையலறையில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. குரல் செய்தி. பின்னணியில் சேவல் கூவியது.

"பாய், பேச்சி பேசறேன். மக வீட்டுல அந்த நீல எழுத்த அமுக்கிப் பாத்தேன். படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெத்தாய்க்கொட்டைச் சம்பலுக்கு ரெண்டு கரண்டி சீனி போடச் சொல்லிருக்கீங்களே, யாருக்குப் பாய் சமைக்கிறீங்க, எறும்புக்கா? அப்புறம் அந்த ஊதா சேலைக்கு அந்த ரவிக்கைய எவ போட்டா?" அதோடு நிற்கவில்லை. சேலையிலிருந்து கோலத்துக்குப் போய், கோலத்திலிருந்து மறுபடி சம்பலுக்கு வந்தார்.

லோஷினி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு எழுதக் கைநீட்டினாள். நானா வேண்டாம் என்று தலையசைத்தார். மேசையைத் துணியால் துடைத்து, கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து நிறுத்தினார். காற்றாடியை அணைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் எதிரில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, செய்தியை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்.