சோறு வடிக்க ஓர் இடம்

வத்திராயிருப்பில் பிறந்த ஜெயபாய் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் அவள் கை வைத்த வேலையை இன்னொருத்தர் திருப்பிச் செய்ய வேண்டி இருந்ததில்லை. கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபின் மருத்துவத் துணி தயாரிக்கும் கம்பெனியில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். அவள் மடித்து அடுக்கிய கட்டு, ஓரம் ஓரமாகச் சீவி வைத்தது போல இருக்கும். சமையலிலும் அப்படித்தான். அவள் வடித்த சோறு ஒட்டாது, குழையாது, விரைக்கவும் செய்யாது. அவள் கணவர் ராஜரத்தினம் நூல்மில்லில் பிட்டர். அவர் டிபன் கேரியரைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு கை அள்ளாமல் விடமாட்டார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், ஜெயபாய் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் சில்லு உடைந்தது. மதுரையில் ஆபரேசன் நடந்தது. நடக்கலாம், நிற்கலாம், கம்பெனிக்கும் போகலாம், ஆனால் தரையில் மட்டும் உட்காரக்கூடாது, கால் இனி அந்த அளவுக்கு மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு அடுப்போ தரையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராஜரத்தினத்தின் அக்கா பரிபூரணம் சேத்தூரிலிருந்து வந்தாள். தம்பி பெண்டாட்டிக்குக் கால் நேராகும்வரை என்று ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அடுத்த நடையில் டிரங்குப் பெட்டி வந்தது. அதற்கடுத்த நடையில் அவளுடைய ஊறுகாய் ஜாடியும் வந்தது. பரிபூரணம் நல்ல மனுஷிதான். ஆனால் கரண்டி அவள் கைக்குப் போனதும் வீடும் அவள் கைக்குப் போய்விட்டது. மிளகாய்ப்பொடி டப்பா இடம் மாறியது. குழம்பில் புளி கூடியது. ஜெயபாயின் இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், “அத்தே, திங்க என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போனார்கள். ஜெயபாய் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கத்தியால் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள். அதையும் பரிபூரணம் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இது சாம்பாருக்கா, கோழிக்குத் தீனியா?” என்பாள்.

ஒருநாள் ஜெயபாய் கணவரிடம் சொன்னாள்.

“எனக்கு நின்னுக்கிட்டே சமைக்க ஒரு மேடை கட்டிக் குடுங்க. இல்லைன்னா விருந்தாளி மாதிரி எனக்கும் இந்த வீட்ல ஒரு பை மட்டும் போதும்.”

ராஜரத்தினம் அதிகம் பேசாதவர். மறுநாளே மில்லிலிருந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டமும் இரும்பு ஸ்கேலும் இரவல் வாங்கி வந்தார். ஜெயபாயைச் சுவரோரம் நிறுத்தி முழங்கை உயரத்தை அளந்தார். பிரவுன் தாளில் படம் போட்டார். மேடை எங்கே, சிலிண்டர் எங்கே, தண்ணீர்த்தொட்டி எங்கே, கரண்டி மாட்டும் ஆணி எங்கே என்பது வரைக்கும் அதில் இருந்தது. கொத்தனார் இருளப்பசாமி அந்தத் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

“தம்பி, இதுல மிஷின் ஓடுமா, சோறு பொங்குமா?”

“ரெண்டும்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி.”

பழைய அடுப்பை உடைத்ததும் பரிபூரணம் சமையலைப் பின்வாசலில் முருங்கை மரத்தடிக்கு மாற்றினாள். மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடப்பைக் கல் வந்து இறங்கிய அன்றுதான் முதல் தடங்கல். நீளமான ஒரே கல் வேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது என்பது ராஜரத்தினத்தின் ஆசை. இறக்கிய ஆட்கள் அந்தக் கல்லை வாசற்படி மேல் குறுக்கே சாத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். சொம்பு வருவதற்குள் கல் இரண்டாகிவிட்டது. அதே நீளத்தில் இன்னொரு கல் அடுத்த லோடில்தான் வரும் என்றார் கடைக்காரர்.

அந்த லோடு வருவதற்குள் மழை வந்தது. மேற்கு மலையிலிருந்து ஆனிச் சாரல் பின்வாசலை நோக்கித்தான் அடித்தது. பரிபூரணம் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகக் குழம்பு கிண்டினாள். ஜெயபாய் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து குடையை வாங்கிப் பிடித்தாள்.

“ஏட்டி, குடைய எனக்குப் பிடிக்கியா, குழம்புக்குப் பிடிக்கியா?”

“குழம்புக்குத்தான் மதினி. நீங்க நனைஞ்சா காஞ்சுருவீக.”

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நாச்சியாரம்மாள், “இதென்ன, மழைக்கு நடுவுல கூட்டாஞ்சோறா?” என்று எட்டிப் பார்த்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அன்று மாலை ஒரு தூக்குச் சட்டி நிறைய ரசம் அனுப்பி வைத்தார்.

மேடை முடியும் முன்பே கேஸ் இணைப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காகக் காத்திருந்தது, வேண்டாத நேரம் பார்த்து வந்தது. சிலிண்டரைக் கூடத்தில் நிறுத்தி, தூசி படாமல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் விசாரித்தார்கள்.

ஒருவழியாக இரண்டாவது கல் முழுசாக வந்தது. இருளப்பசாமி அதை ஏற்றிப் பதித்ததும் ராஜரத்தினம் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அவர் கல்லைத் தடவிவிட்டு நகர்ந்தார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து தடவினார்.

சபைப் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணினார். பால் காய்ச்சினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் ஜெயபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் நுழைந்தாள். பரிபூரணம் வாசலில் நின்று பார்த்தாள். உலை கொதித்தது, அரிசி வெந்தது, பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பதம் சரி என்று ஜெயபாய் கேஸை அணைத்தாள். தட்டைக் கொண்டு மூடி, துணியால் பானையின் இரு பக்கமும் பிடித்தாள். பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

பானையை எங்கே சாய்ப்பது?

தரை அடுப்புக்காலத்தில் பானையைப் பக்கத்தில் இறக்கிக் கஞ்சிச் சட்டி மேல் கவிழ்த்துவிடுவாள். இங்கே மேடை முழங்கை உயரம். அதன்மேல் சட்டியை வைத்துப் பானையைச் சாய்த்தால் கொதிக்கிற கஞ்சி நெஞ்சுக்கு நேரே வரும். மேடையின் ஓரத்தில் சாய்த்துப் பார்த்தாள். தட்டு நழுவியது. கஞ்சி கல்லில் ஓடி விளிம்பிலிருந்து சொட்டியது. அவள் பின்னால் துள்ளினாள். பரிபூரணம் பாய்ந்து வந்து பானையை வாங்கித் தரையில் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து, ஒரே சாய்ப்பில் வடித்து நிமிர்த்தினாள்.

“இதுக்குத்தாம்ட்டி ஒரு ஆளு வேணுங்கது. நீ குழம்பு வையி, கூட்டு வையி. சோறு நான் வடிச்சுத் தாரேன். நான் எங்க போகப்போறேன்?”

அன்பாகத்தான் சொன்னாள். ஜெயபாய் கல்லில் ஓடிய கஞ்சியைத் துடைத்தபடி கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை சோறு. அதற்காகவே மதினி கடைசிவரைக்கும் இங்கே இருப்பாள். மிளகாய்ப்பொடி டப்பாவும் அவள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ராஜரத்தினம் இருளப்பசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“மத்த வீட்ல என்ன செய்யுதாக அண்ணாச்சி?”

“கீழ இறக்கி உக்காந்து வடிச்சுக்கிடுதாக.”

“இவளால உக்கார முடியாதுன்னுதான மேடையே கட்டுனோம்.”

“அத நீங்க தாள்ல போடலையே தம்பி.”

அடுத்து ராஜரத்தினம் குக்கர் வாங்கி வந்தார். குக்கரில் வடிக்கிற வேலையே இல்லை. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்குப் போன அவருக்கு மிஷின் சத்தத்திலேயே கண் சொக்கியது. பிள்ளைகள் அதைக் களி என்றார்கள். பரிபூரணம் ஊறுகாயை எடுத்து வைத்தாள். ஜெயபாய் குக்கரைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

பிறகு பின்வாசலில் மிச்சமிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவந்தாள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு அடுக்கு வைத்து, அதன்மேல் கஞ்சிச் சட்டியை வைத்தாள். பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பார்த்தாள். அதிகம் குனிய வேண்டியிருந்தது. இன்னும் ஒரு அடுக்கு ஏற்றினாள். இன்னொன்று. முதுகும் வளையாமல், முகத்துக்கும் கிட்டே வராமல், தொடை உயரத்தில் ஓரிடத்தில் பானை தானாகவே சாய்ந்தது. சேலை முழுக்க நனைந்திருந்தது. கம்பெனியிலிருந்த மடிப்பு மேசைகூட அவளுக்கு இவ்வளவு தோதாக இருந்ததில்லை. செங்கல் அடுக்கு அசையும் என்பதால் அந்த உயரத்தில் ஒரு திட்டு கட்டித்தான் ஆக வேண்டும். அடுக்கு நின்ற இடத்தில் கட்டினால் நடக்க வழி இருக்காது. மேடையின் ஒரு முனையை வெட்டித் தாழ்த்த வேண்டும்.

“அந்தக் கல்லையா?” என்றார் ராஜரத்தினம்.

“அந்தக் கல்லத்தான்.”

“ஏ ஜெயா, அது எம்புட்டுப் பாடுபட்டு வந்த கல்லு.”

“கல்லப் பாத்துக்கிட்டே இருந்தாப் பசி அடங்குமா?”

இருளப்பசாமியும் தயங்கினார். பதித்த கல்லை வெட்டினால் எங்கே விரியும் என்று சொல்ல முடியாது, மொத்தமும் போனாலும் போகும் என்றார். பரிபூரணம், “ஏலே ரத்தினம், நான் இருக்கும்போது எதுக்குலே கல்ல உடைக்கணும்?” என்று கேட்டாள். ராஜரத்தினம் அக்காவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக் கல்லில் கோடு போட்டார்.

“வெட்டுங்க அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இருளப்பசாமி கோட்டின்மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, சின்ன உளியால் தட்டித் தட்டிப் பள்ளம் எடுத்தார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சத்தம் கேட்டது. கல் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகிக் கோணலாகப் பிளந்திருந்தது. ஆனால் நீளமான பக்கம் தப்பித்துவிட்டது. ராஜரத்தினம் உள்ளே வந்து கோணலைப் பார்த்து நாக்கைக் கடித்தார். உடைந்த துண்டையே கீழே தாழ்வாகப் பதித்து, சட்டி நகராமல் இருக்கச் சுற்றி விளிம்பு கட்டினார்கள். சிமென்ட் காயும்வரை ஜெயபாய் யாரையும் கிட்டே விடவில்லை.

காய்ந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உலை வைத்தாள். பரிபூரணம் முன்போலவே வாசலில் நின்றாள். கை பரபரத்ததால் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயபாய் தட்டைப் பொருத்தி, பானையை இறக்கி, சட்டிமேல் சாய்த்தாள். கஞ்சி ஒரே கயிறாக இறங்கியது. ஆவி முகத்தில் படவில்லை. சொட்டுச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து பானையை நிமிர்த்தித் தட்டைத் திறந்தாள். நாலு பருக்கை மட்டும் சட்டியில் விழுந்திருந்தது.

“கெட்டிக்காரிதான்,” என்றாள் பரிபூரணம், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. “அப்ப நான் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புதேன். சேத்தூர்ல தென்னைக்கு யாரு தண்ணி பாச்சுதானோ.”

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மதினி. உக்காருங்க.”

பாயை விரித்து இலை போட்டாள். இத்தனை மாதமாக எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட பரிபூரணம் முதல் ஆளாக உட்கார்ந்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் எடுக்கப் பார்த்தவளை ஜெயபாய் பார்வையாலேயே உட்கார வைத்தாள். சோறு இலையில் உதிர்ந்தது. பரிபூரணம் குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் தின்றாள்.

“குழம்புல புளி பத்தாதுட்டி.”

“இந்த வீட்ல புளி அம்புட்டுத்தான் மதினி,” என்று சொல்லி ஜெயபாய் இன்னொரு கரண்டி ஊற்றினாள். பரிபூரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை.